பட்டியலில் முப்பத்தோராவது பெயர்

செத்து நாலு வருஷம் ஆன குழந்தைவேலு, நவம்பர் மாதத்தில் ஒரு நாள், தேர்தலுக்கு நிற்கிற ஒரு பெரிய மனுஷருக்கு நன்கொடை கொடுத்துவிட்டார். பேப்பரில் அப்படித்தான் போட்டிருந்தது. நாற்பது பேர் பட்டியல். முப்பத்தொன்பது பர்மியப் பெயர்களுக்கு நடுவில், முப்பத்தோராவதாக, 'ஊ குழந்தைவேலு, தாகேதா' என்று அச்சாகியிருந்தது. பெயருக்கு முன்னால் ஆணுக்கு ஊ, பெண்ணுக்கு டோ என்று மரியாதைக்குச் சேர்ப்பது பர்மாவில் வழக்கம்; தாகேதா அவர் இருந்த பேட்டை.

அது வேறு யாரோ குழந்தைவேலு என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. யாங்கூனில் நம்மவர்களில் முக்கால்வாசிப் பேர் காகிதத்துக்கு ஒரு பர்மியப் பெயரும் வீட்டுக்கு ஒரு தமிழ்ப் பெயருமாக வைத்திருப்பவர்கள். பள்ளிக்கூடத்திலும் வேலையிலும் அடையாள அட்டையிலும் பர்மியப் பெயர் இருந்தால் பாதித் தொல்லை குறையும். குழந்தைவேலு மட்டும் அந்தத் தொல்லையைக் கடைசிவரை சுமந்தார். அவர் பெயரை எழுதத் திணறாத குமாஸ்தா இந்த ஊரில் இல்லை. அதை ஒரு எழுத்தும் பிசகாமல் பேப்பர்வரை கொண்டுபோய்ச் சேர்த்தது வேறு யாருமில்லை, அவர் மனைவி சத்யபாமாதான்.

சத்யபாமாவுக்கு வேலை, நகரத்தின் நடுவில் ஒரு கட்டடத்தின் பதினாலாவது மாடியில், ஊரின் பெரிய சட்ட நிறுவனம் ஒன்றில். இருபத்தொரு வருஷமாக மொழிபெயர்ப்பாளர். அங்கே அவளுக்குப் பெயர் கின் மியா. ஆங்கிலத்தில் வருவதைப் பர்மிய மொழிக்கும், பர்மிய மொழியில் போவதை ஆங்கிலத்துக்கும் மாற்றி டைப் அடித்து வைக்க வேண்டும். வக்கீல் ஆபீஸ் என்றால் கறுப்புக் கோட்டும் கோர்ட்டும் என்று நினைக்கிறவர்கள் அங்கே ஒரு நாள் போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கோர்ட்டுக்குப் போகிற வக்கீல்கள் ஆறே பேர். அவர்களுக்குக் காற்று வராத ஓர் அறை. மீதி அறுபது பேருக்கும் வேலை வேறு. வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் வந்திறங்கி, நிலம் வேண்டும், உரிமம் வேண்டும் என்பார்கள். எந்த இலாகாவில் எந்தக் கதவைத் தட்ட வேண்டும், கதவுக்குப் பின்னால் இருப்பவர் எந்த மடத்துக்கு அன்னதானம் செய்கிறவர், அவர் சம்சாரம் எந்த அனாதை இல்லத்துக்குத் தலைவி, மகன் எந்தப் பந்தாட்டக் கழகத்துக்குப் புரவலர் என்பதெல்லாம் ஆபீசுக்கு அத்துப்படி. சட்டம் இப்படி இருக்கிறது என்று படித்துச் சொல்வதற்கு ஒரு கட்டணம். எப்படி இருந்தால் உங்களுக்கு வசதி என்று எழுதி, அது அப்படியே வெளிவர வழி பண்ணுவதற்கு வேறு கட்டணம்.

வரவேற்பறைச் சுவர் முழுக்கக் கௌரவப் பத்திரங்கள். நன்கொடை கொடுத்தவருக்குத் தங்க எழுத்தில் ஒரு பத்திரம் கொடுத்து, மேடையில் கூப்பிட்டுப் போட்டோ எடுப்பது இந்த நாட்டில் எல்லோரும் செய்வது. ஆட்சி மாறினால் ஆபீசின் சுவரும் மாறும். பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு வரிசை இறங்கி இன்னொரு வரிசை ஏறியது. பிறகு ஐந்தே வருஷத்தில் ஏறியது இறங்கி, இறங்கியது ஏறியது. அவற்றைப் பழைய பேப்பரில் சுற்றி ஸ்டோர் ரூமில் அடுக்கியதும், திரும்ப எடுத்துத் துடைத்து மாட்டியதும் சத்யபாமாதான். ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை வேறு.

இந்த ஆபீசில் ஒரு நல்ல வழக்கமும் இருந்தது. மழைக்காலம் முடிந்ததும் நகரத்துக்கு வெளியே ஒரு மடத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஆபீஸ் சார்பில் தானம் போகும். தானத்துக்கு இங்கே அலூ என்று பெயர். பணம் முழுக்க முதலாளி வக்கீலுடையது. எல்லோரும் அவரைச் சயாஜி என்பார்கள்; பெரிய வாத்தியார் என்று அர்த்தம். ஆனால் புண்ணியத்தை அவர் தனியாக வைத்துக்கொள்ள மாட்டார். ஊழியர்களிடம் ஒரு காகிதம் சுற்றி வரும். ஆளுக்கொரு பெயர் எழுதலாம். உயிரோடு இருப்பவர் பெயரும் எழுதலாம், இறந்துபோனவர் பெயரும் எழுதலாம். இறந்தவர் பெயரில் அலூ கொடுத்தால் அவர் எங்கே இருக்கிறாரோ அங்கே போய்ச் சேரும் என்பது இந்த ஊர் நம்பிக்கை. மூன்று தலைமுறையாக இந்த ஊர்ச் சோறு தின்கிறவர்களுக்கும் அந்த நம்பிக்கை ஒட்டிக்கொண்டுவிட்டது. காளி கோயிலில் திதி கொடுத்த கையோடு சத்யபாமா அந்தக் காகிதத்திலும் புருஷன் பெயரை எழுதுவாள். நாலு வருஷமாக எழுதினாள். அவருக்குத் தன்னால் செய்ய முடிகிற ஒரே காரியம் அதுதான் என்று நினைத்திருந்தாள்.

குழந்தைவேலு ஓர் அரசாங்க இலாகாவின் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். தின்கன்ஜூன் பேட்டையில் இலாகா குவார்ட்டர்ஸ்; ஒரு அறை, ஒரு சமையல் மூலை, வாசலில் ஒரு முருங்கை. ராணுவம் ஆட்சியைப் பிடித்த அந்த வருஷம் ஊரோடு சேர்ந்து பட்டறைக்காரர்களும் எதிர்ப்புக் காட்டி வேலைக்குப் போக மறுத்தார்கள். ஒரே வாரத்தில் குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொல்லி உத்தரவு வந்தது. கட்டிலும் பாத்திரமும் ஒரு வேனில் ஏறின. முருங்கை அங்கேயே நின்றது. தாகேதாவில் வாடகைக்கு ஒரு அறை பிடித்தார்கள். பிறகும் இலாகாவிலிருந்து ஆள் வந்து வந்து போனார். ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் போதும், வேலையும் வீடும் திரும்பக் கிடைக்கும். செய்தது தப்பு, வருந்துகிறேன் என்று மேலே ஒரு வரி. கீழே பெயர்.

"பேர்தானே, எழுதிக் குடுத்துட்டு வாங்களேன்" என்று சத்யபாமா கெஞ்சினாள். ஒரு நாள் இல்லை, இரண்டு மாதம் கெஞ்சினாள்.

"அந்த வரிக்குக் கீழ என் பேரு வேணாம் பாமா" என்றார் குழந்தைவேலு. அதற்கு மேல் அவர் விளக்கம் சொல்கிற ஆளில்லை.

ஜூலையில் நோய் வந்தது. ஊரே ஆக்சிஜன் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்ற ஜூலை அது. பட்டறையில் கூட வேலை பார்த்த பர்கத்துல்லா ஒரு பகலும் பாதி இரவும் நின்று சிலிண்டரை நிரப்பிக்கொண்டு வந்தபோது அதற்குத் தேவை இருக்கவில்லை. நர்சிங் படித்துக்கொண்டிருந்த மகள் ராதா அடுத்த வருஷமே தாய்லாந்து எல்லை தாண்டி மேசோட்டுக்குப் போய், அங்கே ஒரு கிளினிக்கில் சேர்ந்துகொண்டாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் பண்ணுவாள். சத்யபாமாவின் வாரம் ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான் நகர்ந்துகொண்டிருந்தது.

இந்த வருஷம் காகிதம் இரண்டாவது தடவையாக வந்தது. மடத்துக்கான காகிதம் அக்டோபரிலேயே வந்து போய்விட்டது. நவம்பரில் நிர்வாகி டோ ந்யூ ந்யூ இன்னொரு காகிதத்தோடு மேஜை மேஜையாக வந்தாள். அதே மஞ்சள் தாள், அதே கோடுகள். மேலே எழுதியிருந்த வரி மட்டும் வேறு. தின்கன்ஜூனில் தேர்தலுக்கு நிற்கிற ஒருவரின் பெயரும், அவருடைய நலநிதிக்கு மனமுவந்து நன்கொடை அளிக்கும் உள்ளூர் மக்கள் என்ற வாசகமும். அந்த ஆள் முன்பு ஓர் இலாகாவில் பெரிய பதவியில் இருந்தவர். ஆபீசுக்கு வேண்டியவர்.

சத்யபாமா அந்த வரியைப் படித்தாள். படிக்கவில்லை என்று இந்தக் கதையில் யாரிடமோ சொல்லப் போகிறாள், ஆனால் படித்தாள். வரிகளைப் படிப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். அது மட்டுமில்லை. அதற்கு முந்தின வாரம் ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்குப் போன கடிதத்தை அவளே ஆங்கிலத்தில் மாற்றியிருந்தாள். ஊழியர் குடியிருப்பாக இருந்த அரசாங்க நிலத்தை ஐம்பது வருஷக் குத்தகைக்குக் கொடுக்கிற மாதிரி விதியைத் திருத்தும் வேலை நல்லபடியாக நடக்கிறது, நம் நண்பர் ஜெயித்ததும் அது கையெழுத்தாகும், உள்ளூர் மக்களின் ஆதரவுக்குச் சான்று விரைவில் அனுப்பப்படும் என்பது கடிதம். நிலம் எதுவென்றும் போட்டிருந்தது. முருங்கை நின்ற நிலம்தான். அந்தச் சான்று என்னவாக இருக்கும் என்று அன்றைக்கு அவள் யோசிக்கவில்லை. ஒரே கையிலிருந்து போனால் கண்ணை உறுத்துகிற பணம் நாற்பது பேர் கையிலிருந்து போனால் ஜனங்களே கொடுத்த மாதிரி இருக்கும் என்பதைப் புரிந்துகொள்ள மஞ்சள் தாள் மேஜைக்கு வர வேண்டியிருந்தது.

புரிந்தும் எழுதினாள். ஏன் என்று கேட்டால் சொல்ல அவளிடம் பெரிய காரணம் எதுவும் கிடையாது. டோ ந்யூ ந்யூ பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டிக்கொண்டு நின்றாள். அடுத்த மேஜைக்காரி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலியாக விட்டால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் பதில் வேண்டும். கின் மியா என்று தன் காகிதப் பெயரை எழுதியிருந்தால் ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்த்திருக்காது. ஆனால் அந்த மஞ்சள் தாளைக் கண்டால் அவள் கைக்கு ஒரே பெயர்தான் தெரியும். எங்கே போனாலும் அலூ அலூதானே, அவருக்குப் போய்ச் சேரட்டும் என்று மனசுக்குள் ஒரு சமாதானத்தைச் சொல்லிக்கொண்டு, நாலு வருஷமாக எழுதிய பெயரை இன்னொரு தடவை எழுதினாள்.

பேப்பர் வந்த அன்று காலை ஏழு மணிக்குப் பர்கத்துல்லா தாகேதா வீட்டு வாசலில் நின்றார். வேலை போன பிறகு நகரத்தின் நடுவில் பபேடானில் ஒரு சந்துக்குள் பூட்டும் கொண்டியும் விற்கிறவர். கடை திறக்கிற நேரத்தில் பாலம் தாண்டி வந்திருக்கிறார் என்றால் விஷயம் லேசில்லை என்று சத்யபாமாவுக்குத் தெரிந்துவிட்டது. அவர் உட்காரவில்லை. பேப்பரை மடித்த இடத்தோடு நீட்டினார்.

"அண்ணன் பேரு எப்படி அண்ணி இதுல?"

அவள் பார்த்தாள். பார்க்காமலே தெரியும் என்றாலும் நிதானமாகப் பார்த்தாள்.

"ஆபீஸ்ல வருஷா வருஷம் அலூ காகிதம் வரும் தம்பி. மடத்துக்குன்னு நெனச்சு எழுதிட்டேன்."

"மேல என்ன எழுதியிருந்துச்சுன்னு பாக்கலையா?"

"பாக்கல."

பர்கத்துல்லா பெருமூச்சு விட்டார். அது நிம்மதிப் பெருமூச்சு. "அதானே. பாத்திருந்தா நீங்க எழுதியிருக்க மாட்டீங்க. நம்ம பட்டறை ஆளுங்க காலையில இருந்து போன் மேல போன். அந்த மனுஷன் ஒரு கையெழுத்துக்கு மாட்டேன்னு சொல்லி மௌத்தாப் போனாரு, இப்ப பேரு இங்க வந்து நிக்கிதேன்னு. நான் சொல்லிடுறேன், அண்ணிய ஏமாத்திட்டாங்கன்னு."

அவர் போன பிறகு சத்யபாமா அடுப்பில் வைத்த பாலை இறக்க மறந்து நின்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். நம்பிவிட்டுப் போனதைத்தான் தாங்க முடியவில்லை.

அன்று புதன்கிழமை. இருந்தும் ராதா போன் பண்ணினாள். பேப்பரின் படம் அதற்குள் எல்லை தாண்டிப் போயிருந்தது.

"அப்பா பேரும்மா" என்றாள். எடுத்த எடுப்பில் அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. இந்தக் காலத்துப் பிள்ளை, கோபம் வந்தால் பர்மிய மொழியில்தான் கொட்டுவாள். அன்றைக்குத் தமிழில் பேசினாள். "நீ படிக்காம எழுதுவியா? நீ படிக்காம ஒரு எடத்துல பேரு எழுதி நான் பாத்ததே இல்லயே."

"அவசரத்துல பாக்கலம்மா."

"சரி. அப்பா பேரை அதுல இருந்து எடுக்கச் சொல்லு. எடுத்துட்டு எனக்குச் சொல்லு. அதுவரைக்கும் நான் கூப்பிடலம்மா. கூப்பிட்டா வேற எதுவும் பேச வராது."

மறுநாள் சத்யபாமா சயாஜியின் அறைக்குப் போனாள். இருபத்தொரு வருஷத்தில் தனக்காக ஒன்று கேட்டு அந்த அறைக்குள் போனது அதுதான் முதல் தடவை. சயாஜி கத்துகிற ஆளில்லை. எழுபது வயது. வெள்ளைச் சட்டை, பட்டு லுங்கி, மேஜை மேல் புத்தர் படம். உட்காரச் சொல்லி, தேநீர் வரவழைத்து, அவள் சொன்னதையெல்லாம் கேட்டார்.

"கின் மியா, இறந்தவர் பேரை அந்தப் பட்டியலில் எழுதலாமா? அது மடத்துக் காகிதம் இல்லையே."

"வழக்கம்போல எழுதிவிட்டேன் சயாஜி. அந்தப் பேரை மட்டும் எடுத்துவிடுங்கள். அவர் உயிரோடு இருந்தால் இதற்குச் சம்மதித்திருக்க மாட்டார்."

"என் பணத்தில் அவருக்குப் புண்ணியம் சேர்த்திருக்கிறேன். அதில் வருத்தப்பட என்ன இருக்கிறது?" அவர் உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார். அவருக்குக் கொடுப்பது என்றால் கொடுப்பது. யாருக்கு, எதற்கு என்பது அறைக்கு வெளியே நிற்கிற கேள்வி. "ஒரு பேரை எடுத்தால், மற்ற முப்பத்தொன்பது பேரும் யார் என்று கேட்பார்கள். அந்த முப்பத்தொன்பது பேரும் இந்த மாடியில்தானே இருக்கிறார்கள்."

சத்யபாமா எழுந்திருக்கவில்லை. குழந்தைவேலு இலாகா ஆளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மாதிரி உட்கார்ந்திருந்தாள். சயாஜி தேநீர்க் கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினார்.

"ஒரு வழி இருக்கிறது. நீங்களே ஒரு சத்தியப் பத்திரம் எழுதிக் கொடுங்கள். அந்தப் பேர் இறந்துபோன என் கணவருடையது, அவர் எந்த நன்கொடையும் கொடுக்கவில்லை, யாருக்கும் தெரியாமல் நானே எழுதினேன் என்று. கையில் காகிதம் இருந்தால் நான் அந்தப் பக்கம் பேசலாம்."

அவள் முகம் தெளிந்தது. தன் மேஜைக்குப் போய்த் தானே டைப் அடித்தாள். இந்த மாதிரிப் பத்திரங்கள் அவள் ஆயிரம் அடித்திருக்கிறாள். ஆனால் 'அவர் எந்த நன்கொடையும் கொடுக்கவில்லை' என்ற வரியை அடிக்கும்போது கண் மறைத்தது. இந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போடுவதில் அவருக்கு ஆட்சேபம் இருக்காது என்று நினைத்துக்கொண்டாள். டோ கின் மியா என்று கையெழுத்திட்டு, முத்திரை வாங்கி, கொண்டுபோய்க் கொடுத்தாள். சயாஜி இரண்டு தடவை படித்தார். நன்றாக எழுதியிருக்கிறது என்று பாராட்டினார். பிறகு வலது பக்க இழுப்பறையைத் திறந்து உள்ளே வைத்துப் பூட்டினார்.

"எப்போது பேசுவீர்கள் சயாஜி?"

"தேவைப்படும்போது."

அவ்வளவு நேரமும் புரியாதது அப்போது புரிந்தது. பட்டியலைப் பற்றி நாளைக்கு யாராவது கேள்வி கேட்டால் எடுத்துக் காட்ட ஆபீசுக்கு ஒரு காகிதம் வேண்டும். யாருக்கும் தெரியாமல் நானே எழுதினேன் என்று ஓர் ஊழியர் கையெழுத்துப் போட்ட காகிதம். இதற்குத்தான் என்று சொல்லிக் கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டாள். அவளாகவே நடந்து வந்து கொடுத்துவிட்டாள். இருபத்தொரு வருஷம் வக்கீல்களோடு குப்பை கொட்டியும் இந்தப் புத்திதான்.

"உங்களை வேலையை விட்டு அனுப்ப மாட்டேன், பயப்படாதீர்கள். நீங்கள் எங்கள் வீட்டு மனுஷி மாதிரி" என்றார் சயாஜி. அதையும் உண்மையாகத்தான் சொன்னார்.

அதன் பிறகு பத்து ஞாயிற்றுக்கிழமைகள் போயின. போன் வரவில்லை. சத்யபாமாவாகக் கூப்பிட்டால் ராதா எடுப்பாள், சாப்பிட்டியா, கரண்ட் இருக்கா, மருந்து வாங்கினியா என்பாள். கடைசியில் ஒரே கேள்வி: "எடுத்தாச்சாம்மா?" இன்னும் இல்லை என்றதும் சரி என்று வைத்துவிடுவாள். பட்டறைக்காரர்கள் வழியில் பார்த்தால் பாவம் என்கிற மாதிரித் தலையாட்டினார்கள். பர்கத்துல்லா இரண்டு தடவை வந்து, அந்த ஆபீஸ்காரர்களைத் திட்டித் தீர்த்துவிட்டு, வெறும் தேநீர் குடித்துவிட்டுப் போனார். ஒவ்வொரு தடவையும் அவருக்கு எதிரில் உட்கார்ந்து, ஏமாற்றப்பட்டவள் முகத்தோடு சத்யபாமா கேட்டுக்கொண்டிருந்தாள். தேர்தல் நடந்தது. நண்பர் ஜெயித்தார். விதி திருத்தப்பட்ட அறிவிப்பை மொழிபெயர்க்கச் சொல்லி அவள் மேஜைக்கே வந்தது. அதையும் மொழிபெயர்த்தாள். ஒரு பிழையில்லை.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊழியர்கள் எல்லோரையும் ஆபீஸ் வேனில் ஏற்றித் தின்கன்ஜூனுக்குக் கூட்டிப் போனார்கள். பழைய குவார்ட்டர்ஸ் வாசலில் வட்டாரத்து ஜனங்களுக்கு ஒரு குடிதண்ணீர்த் தொட்டி கட்டியிருந்தார்கள். அதற்குத் திறப்பு விழா. உள்ளே வீடுகள் இல்லை. தகர வேலி, வேலிக்குப் பின்னால் மண் தோண்டுகிற இயந்திரம். முருங்கையை அவள் தேடவில்லை. தொட்டியின் முகப்பில் ஒரு பளிங்குக் கல். கொடுத்தவர் பெயரைக் கல்லில் வெட்டி வைப்பது இந்த ஊரில் பகோடா முதல் பாலம்வரை உள்ளதுதான். மேலே ஜெயித்தவர் பெயர் பெரிதாக. கீழே சின்னதாக நாற்பது பெயர்கள். வெட்டிய எழுத்துக்குள் தங்கச் சாயம் பூசியிருந்தது.

பிக்குகள் ஓதினார்கள். சயாஜியும் ஜெயித்தவரும் புண்ணியத்தைப் பகிர்ந்து கொடுக்கிற சடங்காகக் கிண்ணத்தில் நீர் வார்த்தார்கள். பிறகு ஒருவர் ஒலிபெருக்கியில் கல்லில் உள்ள பெயர்களை வாசித்தார். முப்பத்தோராவது பெயரில் நாக்குத் தடுக்கி நின்றார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவர் எழுத்துக் கூட்டி, மூன்றாவது முயற்சியில் முழுசாக வாசித்துவிட்டார். நாற்பதும் முடிந்ததும் கூட்டம் வழக்கப்படி மூன்று தடவை, "தாடு, தாடு, தாடு" என்றது. நல்லது செய்தாய், நல்லது செய்தாய் என்று அர்த்தம். பிறர் செய்த புண்ணியத்தைக் காதால் கேட்டவர்கள் அப்படிச் சொல்ல வேண்டும். பிறந்ததிலிருந்து கேட்டும் சொல்லியும் பழகிய வாய் சத்யபாமாவுடையது. மூன்றாவது 'தாடு'வில்தான், தானும் சொல்லிக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது.

வேன் கிளம்ப நேரமிருந்தது. மேடைக்காரர்கள் பந்தலுக்குச் சாப்பிடப் போனார்கள். அவள் கல்லுக்குப் பக்கத்தில் நின்றபடி போனை எடுத்து மகளைக் கூப்பிட்டாள்.

"எடுத்தாச்சாம்மா?" என்றாள் ராதா.

"இல்ல. கல்லுல வெட்டிட்டாங்க."

சத்யபாமா போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். மேல எழுதியிருந்ததைப் பாக்கலன்னு சொன்னேன்ல?"

"ஆமா."

"பாத்தேன் ராதா. படிச்சுட்டுத்தான் எழுதினேன். யாருக்குப் போகுதுன்னு தெரியும், எந்த நெலம்னு தெரியும். அவங்க பேனாவ நீட்டிக்கிட்டு நின்னாங்க. எழுதிட்டேன்." பர்கத்துல்லா தம்பியிடமும் நாளைக்குப் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று சொல்ல வந்தாள். வாயில் வந்தது வேறு. "உங்கப்பாவ ரெண்டு மாசம் கெஞ்சினேனே கையெழுத்துப் போடச் சொல்லி. அவரு போடல. நான் போட்டுட்டேன்."

அந்தப் பக்கம் கிளினிக்கில் ஏதோ குழந்தை அழுதுகொண்டிருந்தது. ராதா போனை வைத்துவிடுவாள் என்று சத்யபாமா காத்திருந்தாள்.

அதற்குள் வட்டாரத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் பிளாஸ்டிக் கேன்களோடு வந்துவிட்டார்கள். கோடை தொடங்கிவிட்ட மாதம். அந்தப் பக்கத்தில் நல்ல தண்ணீருக்கு அலைகிறவர்கள். ஒருத்தி குழாயைத் திறந்தாள். தண்ணீர் வந்தது. அவர்களில் வயதானவள் கையால் அள்ளிக் குடித்துவிட்டு, கொடுத்தவர்கள் யார் என்று படிக்கச் சொன்னாள். படிக்கத் தெரிந்தவள் கல்லில் விரல் வைத்து ஒவ்வொரு பெயராகப் படித்தாள். முப்பத்தோராவதில் விரல் நின்றது. அவள் சத்யபாமாவைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்து ஆள் எந்த இனம் என்று யூகித்து, உங்கள் ஆட்களில் ஒருவரா என்று பிரியமாகக் கேட்டாள். சத்யபாமா தலையாட்டினாள். அந்தப் பெண்கள் கேன்களைக் கீழே வைத்து, கை கூப்பி, அவளைப் பார்த்தே சொன்னார்கள்.

"தாடு, தாடு, தாடு."

"அது என்னம்மா சத்தம்?" என்றாள் ராதா. "யாருக்குத் தாடு சொல்றாங்க?"

"உங்கப்பாவுக்கு" என்றாள் சத்யபாமா.